விளக்கு வைத்த நேரத்துக் குரல்

முதலில் பயந்தது நான் இல்லை, என் அப்பா.

அடுப்படியில் நின்றபடி, "அப்பா, இன்னொரு தோசை வைக்கவா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். கூடத்தில் தட்டு விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் தரையெல்லாம் சட்னி. அப்பா சுவரோடு ஒட்டிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்பதை நெருங்குகிற மனிதர். வரப்பில் பாம்பைக் கண்டாலும், அது பாட்டுக்குப் போகட்டும் என்று நிற்கிறவர். அவர் அப்படி நடுங்கி நான் பார்த்ததே இல்லை.

"என்னப்பா, கை நழுவிருச்சா?" என்று நான் கேட்கக் கேட்க அவர் முகம் இன்னும் வெளிறியது. எழுந்து சாமி அலமாரிக்குப் போய் ஒரு கை திருநீறு அள்ளி வந்து என் நெற்றியில் அப்பினார். கண்ணுக்குள்ளெல்லாம் விழுந்தது. எனக்கு வந்ததே கோபம்! "கிறுக்குப் பிடிச்சிருச்சா உங்களுக்கு?" என்று கத்தினேன். கத்தியதாக நினைத்துக்கொண்டேன். வெளியே வந்தது மூக்கால் இழுத்த ஒரு முனகல். என் காதுக்கே அது என் குரலாக இல்லை.

என் குரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மதுரை சிம்மக்கல்லில் வாழை இலையை மொத்தமாக விற்கிற கடை எங்களுடையது. கல்யாணம், காதுகுத்து, ஓட்டல் என்று தினமும் கட்டுக் கட்டாக இலை போகும். என் வீட்டுக்காரர் அதிர்ந்து பேசாத மனிதர். அதனால் கடைக்கு வேண்டிய சத்தத்தையெல்லாம் நான்தான் போட்டேன். கிழிந்த இலையை நடுவில் செருகிக் கட்டி அனுப்புகிறவர், கடை வாசலை மறித்து வண்டியை நிறுத்துகிறவர், நாளைக்குக் காலையில் முகூர்த்தம் என்று இன்றைக்கு வந்து நிற்கிறவர் என்று தினமும் யாராவது என் வாயில் விழுவார்கள். நான் ஒரு சத்தம் போட்டால் தெருமுனை ஆட்டோக்காரர் திரும்பிப் பார்ப்பார். "அக்கா மைக்கை முழுங்கிருச்சுடா" என்று சுமை இறக்குகிறவர்கள் கேலி பேசுவார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

அந்தக் குரல் ஒரே நாளில் போகவில்லை. முதலில் இடது கண்தான் காட்டிக்கொடுத்தது. சாயங்காலம் ஆனால் இமை பாதி இறங்கிவிடும். தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன். விடிவதற்கு முன்னால் லோடு இறக்க எழுந்திருக்கிறவளுக்குத் தூக்கம் எங்கே போதும்? அப்புறம் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. வீட்டுக்குப் போகத் திருப்பரங்குன்றம் பஸ்ஸுக்காக நின்றால் ஒரே நம்பரில் இரண்டு பஸ் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வரும். எதில் ஏறுவது என்று தெரியாமல் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு ஏறினேன். கண் டாக்டர் கண்ணாடியை மாற்றி எழுதினார். புதுக் கண்ணாடி வழியாகவும் இரண்டு பஸ்தான் வந்தது.

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. தலை பின்னக் கையைத் தூக்கினால் பாதிப் பின்னலில் கை தானாக இறங்கிவிடும். முதல் சில வாய் சோற்றை நன்றாக மெல்லுவேன். அதற்கு மேல் தாடை நகராது. கன்னத்துக்குக் கையை முட்டுக்கொடுத்துத்தான் மெல்ல வேண்டும். தண்ணீர் குடித்தால் மூக்கு வழியே வரும். போனில் ஆர்டர் பேசிக்கொண்டே இருப்பேன். பேசப் பேசக் குரல் அடியில் போய் மூக்கில் ஏறிக்கொள்ளும். எதிர்முனையில் பல வருஷமாக இலை வாங்குகிற சமையல்காரர், "யாரும்மா பேசுறது? போனை அக்காட்ட குடும்மா" என்பார். நான் என்னத்தைக் கொடுப்பது? போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

இதில் கொடுமை என்னவென்றால், காலையில் எழுந்தால் ஒன்றுமே இருக்காது. கண் பளிச்சென்று திறந்திருக்கும், குரல் கணீரென்று வரும், இலைக்கட்டை ஒரு கையால் தூக்கிப் போடுவேன். முந்தின நாள் பட்ட பாட்டைச் சொன்னால் வீட்டுக்காரர் என் முகத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்க?" என்பார். மத்தியான வெயில் ஏறும்போதுதான் அது தொடங்கும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் வேறு ஆளாகியிருப்பேன்.

விளக்கு வைத்தால் வேறு ஆளாகிவிடுகிற ஒருத்தியை எங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே தெரியும். அப்பா தட்டைக் கீழே போட்டது அதனால்தான்.

அவள் அப்பாவின் தங்கை. எனக்கு அத்தை. நான் எங்கள் ஊர் திருவாதவூரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், கல்யாணமாகிப் போன இடத்திலிருந்து அத்தையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் அவளுடைய சிரிப்பு. சிரித்தால் வாயின் ஓரம் இரண்டும் மேலே ஏறாது. மேல் உதடு மட்டும் தூக்கிப் பல் தெரியும். பார்க்கிறவர்களுக்கு அது சிரிப்பாகவே தெரியாது, உறுமுகிற மாதிரி இருக்கும். "ஒங்க பொண்ணு சிரிக்கல, கடிக்க வருது" என்று சொல்லித்தான் கொண்டுவந்து விட்டார்கள். பகலில் அவள் நெல் அவிப்பாள், எனக்குப் பேன் பார்த்துத் தலை வாரிவிடுவாள், டூரிங் கொட்டகையில் பார்த்த படத்தின் கதையைச் சொல்லுவாள். பொழுது சாய்ந்தால் இமை இறங்கும், தலை தொங்கும், பேச்சு மூக்கால் வரும். கதை பாதியில் நிற்கும். "அப்பறம் என்னத்தே?" என்று நான் உலுக்கினால், தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்லுவாள். எனக்கு ஒரு எழுத்தும் புரியாது.

பகலெல்லாம் நல்ல மனுஷி. இருட்டினால் குரல் மாறுகிறது, கண் செருகுகிறது, தலை ஆடுகிறது. எங்கள் ஊரில் இதற்கு யார் டாக்டரிடம் போவார்கள்? கண்மாய்க் கரையில் தூக்குப் போட்டுச் செத்த ஒருத்தி அத்தையைப் பிடித்திருக்கிறாள் என்று முடிவானது. கோடாங்கியை வரவழைத்தார்கள். உடுக்கை அடித்து, பிடித்திருக்கிற பேயைப் பேச வைத்து, அது யார், என்ன கொடுத்தால் போகும் என்று கேட்டுச் சொல்கிறவரைத்தான் கோடாங்கி என்போம். பேய் தன் வாயால் தன் பெயரைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எங்கள் வீட்டு முன்னாலேயே வைத்துக் கேட்டார்கள். பிள்ளைகளை யாரும் விரட்டவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அத்தையை மண்ணில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் தலை அதுவாக நிற்கவில்லை. அதனால் பின்னாலிருந்து அவள் கூந்தலைக் கையில் சுற்றி, தலையை நிமிர்த்திப் பிடித்திருந்தார் என் அப்பா. கோடாங்கி குடம் குடமாகக் கிணற்றுத் தண்ணீரை அவள் முகத்தில் ஊற்றினார். தொங்கிக் கிடந்த இமைகள் மெல்ல மெல்லத் திறந்தன. கூட்டம் மூச்சை இழுத்துப் பிடித்தது. "பாத்தீகளாய்யா, தண்ணி பட்டதும் மெரளுது!" என்றார் கோடாங்கி. உடுக்கை வேகமெடுத்தது.

"யாரு நீ? பேரைச் சொல்லு! யாரு நீ?"

அத்தை வாயைத் திறந்தாள். "ந்நாந்தான்."

"நாந்தான்னா யாரு?"

"நாந்தாண்ணே." அவள் கண்ணை மட்டும் மேலே உருட்டி அப்பாவைத் தேடினாள். "அண்ணே... நாந்தாண்ணே."

"அண்ணன்னு சொல்லி ஏமாத்தப் பாக்குது. எரக்கப்பட்டு விட்றாதீக, இறுக்கிப் பிடிங்க" என்றார் கோடாங்கி. அப்பா இறுக்கிப் பிடித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் தலையில் ஒரு கல்லைத் தூக்கி வைத்து, ஊருக்கு வெளியே ரோட்டோரத்துப் புளியமரம் வரைக்கும் ஓடச் சொன்னார்கள். கல்லைப் போடுகிற இடத்தில் பேயும் இறங்கிவிடும் என்பது வழக்கம். கையைத் தூக்கி ஒரு பின்னல் போட முடியாதவள் அவள். பாதி வழியில் கல்லும் அவளுமாக விழுந்தாள். "எறங்கிருச்சு, எறங்கிருச்சு" என்று பொம்பளைகள் குலவை போட்டார்கள். அவள் முடியில் ஒரு கொத்தை அறுத்து மரத்தில் வைத்து ஆணி அடித்தார்கள். அந்த வாரமே அத்தை, தண்ணீரை விழுங்க முடியாமல், பிறகு மூச்சை இழுக்க முடியாமல், செத்துப்போனாள். போன பேய் ஆளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்றார்கள். அப்பாவும் அதைத்தான் நம்பினார். நம்பாமல் அவரால் எப்படி இருந்திருக்க முடியும்?

அந்தக் குரல்தான் நாற்பது வருஷம் கழித்து வந்து, இன்னொரு தோசை வைக்கவா என்று அவரைக் கேட்டிருக்கிறது.

நான் ஒரே பிள்ளை. அம்மா போன பிறகு அப்பா எங்களோடு திருப்பரங்குன்றத்தில்தான் இருக்கிறார். தட்டு விழுந்த நாளிலிருந்து பொழுது சாய்ந்தால் அவர் வீட்டில் தங்குவதில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயில் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவார். நான் படுத்த பிறகு வந்து, வெளிக்கதவுக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுக்கொள்வார். நிலைப்படியில் எலுமிச்சம்பழம் தொங்கியது. என் தலையணைக்கு அடியில் வேப்பிலையும் ஒரு இரும்புத் துண்டும் கிடந்தன. காலையில் நான், "அப்பா, காப்பி!" என்று கணீரென்று கூப்பிட்டால் ஓடி வருவார். என் முகத்தைத் தடவிப் பார்ப்பார், கண் கலங்கும். "ஏத்தா, நீதானா?" என்பார். அதே அப்பா சாயங்காலம் என் நிழல் மேலே படாமல் ஒதுங்கிப் போவார். பெற்ற அப்பா!

வீட்டுக்காரரிடம் சண்டை பிடித்தேன். "ஒங்க மாமனாரு என்னையப் பேயிங்கிறாரு, நீங்க வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்கீக."

"வயசான மனுசன், விடு. நாம இன்னொரு டாக்டரைப் பாப்போம்" என்றார்.

"எந்த டாக்டரை? காலைல போய் நின்னா எனக்கு ஒண்ணுமே இல்லைங்கிறாக!"

அதுதான் உண்மை. கடையை விட்டுவிட்டுப் போகத் தோதான நேரம் காலையில் லோடு இறக்கி முடிந்த பிறகுதான். என் நோயோ சாயங்காலம் வருகிறது. ஒரு டாக்டர் ரத்தம் குறைவாக இருக்கிறது என்று சத்து மாத்திரை எழுதினார். இன்னொருவர், வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா என்று கனிவாகக் கேட்டார். இப்போது நீங்கள்தான் என் மனக்கஷ்டம் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்காரரிடம் சொல்லாதது ஒன்று இருந்தது. நானும் பயந்து போயிருந்தேன்.

ஒரு நாள் பொழுது மயங்குகிற நேரம், முகம் கழுவிப் பொட்டு வைக்க பீரோக் கண்ணாடி முன்னால் நின்றேன். இடது இமை முழுசாக இறங்கியிருந்தது. வலது இமையும் இறங்கப் பார்த்தது. கன்னம் இரண்டும் தொங்கியிருந்தன. என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தேன். மேல் உதடு தூக்கிப் பல் தெரிந்தது. எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும்.

நான் பி.காம். படித்தவள். பேய் பிசாசு என்று கடையில் யாராவது பேச்செடுத்தால் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்குகிறவள். அந்த நிமிஷம் அத்தை வந்துவிட்டாள் என்றே நினைத்தேன். கூந்தலைப் பிடித்த கையைத் தேடி இவ்வளவு தூரம் வந்து, அந்தக் கை வளர்த்த மகளுக்குள் இறங்கிவிட்டாள். அதில் ஒரு நியாயம் இருப்பதாகக்கூட எனக்குப் பட்டது. அப்படிப் பட்டதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

"அத்தே, என்னைய விட்ருத்தே" என்றேன்.

வந்தது அவள் குரல். கண்ணாடிக்குள் அவள் வாய்தான் அசைந்தது. கெஞ்சுவது நானா அவளா என்று தெரியாமல் நின்றேன். கட்டிலில் கிடந்த போர்வையை எடுத்துக் கண்ணாடி மேல் போட்டு மூடினேன். அப்புறம் பல நாள் பொட்டைக் கண்ணாடி பார்க்காமலேதான் வைத்துக்கொண்டேன்.

அதனால்தான், அப்பா ஒரு காலையில் தயங்கித் தயங்கி, "மேலூருக்கு அங்கிட்டு ஒருத்தர் இருக்காராம்த்தா. அடிக்க மாட்டாரு, பிடிக்க மாட்டாரு. கேட்டு மட்டும் சொல்லுவாரு. ஒருக்கா வாரியா?" என்றபோது, எரிந்து விழ வேண்டிய நான், "சரிப்பா, வாரேன்" என்றேன். வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் போவோம்" என்றார். கடை வேனை அவரே ஓட்டினார்.

நாலுவழிச் சாலை போட்டபோது அந்தப் பக்கத்துப் புளியமரங்களை எல்லாம் வெட்டிவிட்டார்கள். வெயில் தாழ்ந்த நேரத்தில் மொட்டை ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். திருவாதவூருக்குப் பிரிகிற ரோட்டைத் தாண்டும்போது அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அத்தையின் முடியை வைத்து ஆணி அடித்த மரம் இப்போது இருக்கிறதோ இல்லையோ. மரத்தை அறுத்திருந்தால் ஆணியும் போயிருக்கும். ஆணி போனால் அதில் அடித்து வைத்தவள் எங்கே போவாள் என்று யோசித்துக்கொண்டே போனேன். சத்தியமாக அப்படித்தான் யோசித்தேன்.

தகரக் கூரை போட்ட கொட்டகை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் எங்களைப் போல நாலைந்து குடும்பங்கள். கோடாங்கிக்கு என் வயதுதான் இருக்கும். செல்போனை சைலண்டில் போட்டுத் தள்ளி வைத்துவிட்டு உடுக்கையை எடுத்தார். காலத்துக்கேற்ப மரியாதையாகத்தான் கேட்டார்.

"யாரு வந்துருக்கீக? பேரைச் சொல்லுங்க."

என் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. உதடு ஒட்டவில்லை, நாக்கு புரளவில்லை. உடுக்கைச் சத்தம் மண்டைக்குள் இடித்தது. தலை முன்னால் சரிந்தது. கையால் மோவாயைத் தாங்கிக்கொண்டேன். "யாருங்க வந்துருக்கது?" என்று மறுபடி கேட்டார். என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான்.

"ந்நாந்தான்."

பக்கத்தில் அப்பா, "ஐயோ!" என்று அலறிவிட்டார்.

நான் அவர் பக்கம் திரும்பவில்லை. என் வாயிலிருந்து வந்ததையே கேட்டுக்கொண்டிருந்தேன். அதே சொல், அதே மூக்கு, அதே இழுப்பு. ஆனால் சொன்னது யார்? நான். எனக்குள்ளே வேறு யாருமே இல்லை. எவ்வளவு தேடினாலும் நான் மட்டும்தான் இருந்தேன், பயத்தோடும் கோபத்தோடும், எச்சில் வடிந்துகொண்டு. அப்படியானால் அன்றைக்கு அத்தைக்குள்ளேயும் அத்தைதானே இருந்திருப்பாள்? யாரு நீ என்று கேட்டார்கள். நாந்தான் என்று சரியாகத்தான் பதில் சொன்னாள். அண்ணே என்று கூப்பிட்டதும் அவள்தான். அவள் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை.

அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது. அழ மூச்சு போதவில்லை. எவ்வளவு இழுத்தாலும் காற்று தொண்டையோடு நின்றது. "சாமி வருது, சாமி வருது" என்று பின்னாலிருந்து ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அப்போதுதான் என் வீட்டுக்காரர், அதிர்ந்தே பேசாத மனிதர், "நிறுத்துங்கய்யா! மூச்சு விட முடியல அவளுக்கு, கண்ணு தெரியலையா?" என்று கொட்டகை அதிரக் கத்தினார். என்னை அள்ளித் தூக்கி வேனில் உட்கார வைத்தார். இலைக்கட்டின் மேல் போடுகிற ஈரச் சாக்குகளில் சாய்ந்தபடி மதுரை ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தேன். அப்பா எதிரே உட்கார்ந்து, என்னைத் தொடலாமா வேண்டாமா என்று கையை நீட்டுவதும் மடக்குவதுமாக வந்தார்.

இப்படித்தான் முதல் தடவையாக ஒரு டாக்டர் என்னைச் சாயங்காலத்தில் பார்த்தார்.

நரம்பு டாக்டர், சின்ன வயதுப் பெண். முதலில் ஆக்சிஜன் வைத்தார்கள். மூச்சு கொஞ்சம் அடங்கியதும் அந்த டாக்டர் விரலை மேலே தூக்கி, கண் கொட்டாமல் பார்க்கச் சொன்னார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் இமை திரை மாதிரி இறங்கியது. அவர் முகம் மாறியது. நர்ஸிடம் ஐஸ் கேட்டார். ரப்பர் கையுறைக்குள் ஐஸ் கட்டிகளைப் போட்டு முடிந்து, மூடிக் கிடந்த என் இடது இமை மேல் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தார். இமை திறந்தது. தானாக, முழுசாகத் திறந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்ற அப்பாவின் முகம் எனக்கு ஒரே ஒரு முகமாகத் தெரிந்தது.

இமை திறந்ததை அப்பா பார்த்துவிட்டார். கிட்டே வந்து அந்த ஐஸ் கையுறையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "தாயி, கெணத்துத் தண்ணி ஊத்துனாலும் இப்படித் தொறக்குமா?" என்று டாக்டரிடம் கேட்டார்.

"நல்லாக் குளிர்ந்த தண்ணின்னா கொஞ்ச நேரத்துக்குத் திறக்கலாம்ங்கய்யா. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாத்தான்" என்றார் அப்பா. சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

மயஸ்தீனியா என்று பெயர் சொன்னார்கள். டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். "லோடு வந்துருச்சுன்னு கடையில நீங்க கத்துறீங்க. சுமை தூக்குறவங்க தெம்பாத்தான் நிக்கிறாங்க. ஆனா அவங்க காதை யாரோ பொத்திட்டாங்க. பொத்துனது வெளியாள் இல்ல, உங்க கடை வாட்ச்மேனேதான். நரம்பு சொல்றது தசைக்குக் கேக்காம உங்க உடம்போட காவலே நடுவுல மறிக்குது. ஓய்வெடுத்தா கொஞ்சம் கேக்கும், வேலை செய்யச் செய்யக் கேக்காது. அதான் காலைல நல்லா இருக்கீங்க." முழுசாகப் போகிற நோய் இல்லையாம். மாத்திரையோடு வாழலாமாம். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். அப்படி வருவது அபூர்வம்தானாம், வந்தாலும் வரலாமாம். நான் அத்தையைப் பற்றிச் சொன்னேன். சொல்லிவிட்டு, அந்தக் காலத்தில் இந்த மாத்திரை இருந்ததா என்று கேட்டேன்.

"இருந்துச்சும்மா" என்றார். "மதுரையிலேயே கிடைச்சிருக்கும்."

திருவாதவூரிலிருந்து மதுரைக்கு அப்போதும் பஸ் இருந்தது. இதை மட்டும் நான் அப்பாவிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவருக்கு எழுத்து தெரியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வீடு திரும்பினோம். எலுமிச்சம்பழத்தை அப்பாவே அறுத்துப் போட்டார். சாயங்காலம் கோயில் பக்கம் போவது நின்றது. இது நரம்பு வியாதிப்பா என்று நான் சொன்னபோது தலையை ஆட்டினார். அத்தையைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆனால் அவள் வீட்டில்தான் இருந்தாள். முன்னைவிட நன்றாகவே இருந்தாள். நான் பேச ஆரம்பித்தால் அப்பா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொள்வார். சாப்பிடும்போது பிசைந்த சோறு அவர் கையிலேயே நின்றுவிடும். மனிதர் ஆள் பாதியாக இளைத்தார். பேயென்று நினைத்துப் பயந்தபோதுகூட அவர் ஒரு வேளை சோற்றை விட்டதில்லை.

மாத்திரையின் வேகம் சில மணி நேரம்தான் நிற்கும். அடுத்ததைப் போடுகிற நேரம் நெருங்கினால் இமை கனக்கும், குரல் மூக்குக்குப் போகும். போட்டுக் கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும். ஒரு நாள் விளக்கு வைத்த பிறகு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் கடையில் இருந்தார். அப்பா டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். நீட்டவில்லை.

"ஏத்தா, செத்த பொறுத்துப் போடுறியா?"

"எதுக்கு? மறுபடியும் கோடாங்கியக் கூட்டியாரப் போறீகளா?" என்று மூக்காலேயே சீறினேன்.

"இல்லத்தா." அவர் தரையில், என் கால்மாட்டில் உட்கார்ந்தார். டம்ளரைப் பக்கத்தில் வைத்தார். "அண்ணேன்னு ஒருக்காச் சொல்லேன்."

என்னை என்னவென்று நினைத்தார் இந்த மனிதர்? நான் என்ன கோடாங்கி கூப்பிட்டால் வருகிற ஆளா? எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். அந்த உடுக்கையையும் கல்லையும் ஆணியையும் சொல்லிச் சொல்லி அவரை ஒரு பாட்டம் கத்தித் தீர்க்க வேண்டும்போல இருந்தது. கத்தக் குரல் இல்லை. இருந்ததெல்லாம் அவள் குரல்தான். அவர் அதற்காகத்தான் காத்திருந்தார்.

மாத்திரையைப் பக்கத்தில் வைத்தேன்.

"அண்ணே" என்றேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணே... நாந்தாண்ணே."

"ஆமாத்தா" என்றார். "நீதாந்த்தா. நீதான்." தோள் இரண்டும் குலுங்கின. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். பிறகு துண்டை எடுத்துவிட்டு, சின்னப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி மெல்லக் கேட்டார். "முடி ரொம்ப வலிச்சுச்சாத்தா? அம்புட்டு இறுக்கிப் பிடிச்சிட்டேனே..."

அத்தை ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை என்று எழுதினேன். அவளுக்காக ஒரு பொய்யை நான் சொன்னேன்.

"இல்லண்ணே. வலிக்கல."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மாத்திரையை அவரே எடுத்து என் வாயில் போட்டு, டம்ளரை என் உதட்டில் வைத்து, புரையேறாமல் பையப் பையத் தண்ணீரைச் சாய்த்தார்.